ஸ்டிக்கரில் ஐ5, உள்ளே ஐ3, இப்போது ஐ7: ஒரு பழைய பிராசஸரோடு ஒன்றரை வருடம்

எங்கள் கடைக் கம்ப்யூட்டரின் முகப்பில் ‘கோர் ஐ5’ என்று ஒரு சின்ன நீல ஸ்டிக்கர் உண்டு. 2012-ல் அசெம்பிள் செய்து வந்த நாளிலிருந்தே இருக்கிறது. பிளக்ஸ் அடிக்க வரும் பையன்கள் “இது என்ன கம்ப்யூட்டர்க்கா?” என்று கேட்டால், “ஐ5 தம்பி” என்பேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 ஆடியில்தான் தெரிந்தது, உள்ளே உட்கார்ந்திருந்தது அதைவிட ஒரு படி கீழான பிராசஸர், ஐ3 என்று.

திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இடையிடையே வீட்டு வாடகை ஒப்பந்தம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மெஷினைப் பிரித்துப் போட அதைவிட நல்ல மாதம் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் இந்தக் கம்ப்யூட்டரை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

புதிதாக வாங்கிவிடலாமே என்று எல்லோரும்தான் சொன்னார்கள். மானிட்டர் இல்லாமல் பெட்டி மட்டும் 28,000 ரூபாய் என்று கொட்டேஷன்கூட வாங்கினேன். ஆனால் என் பிழைப்பு பேஜ்மேக்கர் 7-ல் ஓடுகிறது. 2001-ல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் அது; எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. அதோடு ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள், யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். அந்த டாங்கிளுக்குப் புதிய விண்டோஸில் வேலை செய்யும் டிரைவர் கேட்டால், புது வெர்ஷன் வாங்கச் சொல்கிறார்கள். தாத்தா கல்யாணப் பத்திரிகை முதல் பேத்தி காதுகுத்து வரை ஃபைல் வைத்திருக்கும் கடை எங்களுடையது. எனவே பழைய பெட்டியையே தேற்றுவது என்று முடிவு.

முதலில் கண்டுபிடிப்பு வேலை. எங்கள் பக்கத்தில் சிபியு என்றால் முழுப் பெட்டியும்தான். “சிபியுவைக் கொண்டாங்க” என்று சர்வீஸ் கடையில் சொன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உண்மையான சிபியு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு தகடு, ஃபேனுக்கு அடியில் இருக்கிறது என்பது வாடிக்கையாளர் பலருக்குத் தெரியாது. எனக்கும் இது வரை தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. சர்வீஸுக்கு வரும் பையன் டாஸ்க் மேனேஜரில் நாலு கட்டங்களைக் காட்டி, “நாலு கோர் இருக்குக்கா, ஐ5தான்” என்று சத்தியம் பண்ணினான். அந்த நாலு கட்டத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. கோர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் மூளை, இரண்டுதான்; ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வதுபோல் விண்டோஸுக்குக் காட்டும். அதே பக்கத்தில் கீழே பார்த்தால் ‘கோர்கள் 2, லாஜிக்கல் பிராசஸர்கள் 4’ என்று தனித்தனியாகப் போட்டிருக்கும்.

கீபோர்டில் விண்டோஸ் சாவியையும் பாஸ் (Pause) சாவியையும் சேர்த்து அழுத்தினால் சிஸ்டம் பக்கம் திறக்கும். அங்கே பட்டவர்த்தனமாக இருந்தது: இன்டெல் கோர் ஐ3-2120, 3.30 ஜிகாஹெர்ட்ஸ். பன்னிரண்டு வருடமாக ஒரு முறைகூட அந்தப் பக்கத்தை நான் திறந்ததில்லை. பழைய பில்லைத் தேடி எடுத்தேன். ‘கோர் பிராசஸர்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல். அசெம்பிள் செய்து கொடுத்த கடை இப்போது இல்லை. அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். சண்டை போடவும் ஆள் இல்லை.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஐ3 என்பது தரவரிசை. கோட்டுக்கு அப்புறம் வரும் நாலு இலக்கத்தில் முதல் எண் தலைமுறை. 2120 என்றால் இரண்டாம் தலைமுறை, 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. கடைசியில் எழுத்து எதுவும் இல்லாவிட்டால் சாதாரணச் சரக்கு; ‘கே’ என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்; ‘எஸ்’, ‘டி’ என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் அதற்கேற்பக் குறையும். இந்த ‘டி’ பற்றிப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மீதியைச் சொன்னது. தலைமுறைப் பெயர் சாண்டி பிரிட்ஜ், தயாரிப்பு நுணுக்கம் 32 நானோமீட்டர், பிராசஸர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1155. மதர்போர்டு பக்கத்தில் சிப்செட் எச்61. அதற்கும் கீழே பயாஸ், அதாவது மெஷினைத் தட்டி எழுப்பும் போர்டு மென்பொருள், அதன் தேதி 2011 என்று இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு மூடிவிட்டேன். பின்னால் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த ஒரு வரிதான் காரணம்.

சாக்கெட் தெரிந்துவிட்டால் என்னென்ன போடலாம் என்ற எல்லையும் தெரிந்துவிடும். 1155-ல் உட்காருபவை இரண்டே தலைமுறை: 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ். பக்கத்து ஸ்டுடியோக்காரர் தன் பழைய ஐ5-4590 ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்றார். அது நான்காம் தலைமுறை, சாக்கெட் 1150. ஐந்து பின்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஓரத்தில் இருக்கும் வெட்டுகள்கூட வேறு இடத்தில் இருக்கும், உட்காரவே உட்காராது. சும்மா கிடைத்தும் பிரயோஜனம் இல்லை.

என் கணக்கில் நாலு பேர் இருந்தார்கள். ஐ5-3470: நாலு கோர், 77 வாட், அப்போது பழைய சரக்கு 1,500 ரூபாய். ஐ7-2600: நாலு கோர், எட்டுத் திரெட் (விண்டோஸ் காட்டும் கட்டங்கள்), 95 வாட்; என் போர்டில் பயாஸ் மாற்றாமலே ஓடியிருக்கும் என்பது பின்னால்தான் உறைத்தது. ஐ7-3770: அதே நாலும் எட்டும், 3.4 ஜிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.9 வரை ஏறும், 77 வாட்தான். நாலாவது சியான் இ3-1230 வி2. சர்வருக்குச் செய்தது, விலைக்கு நல்ல வேகம். ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. என்னிடம் கார்டு இல்லை. அதோடு அதைத் தள்ளிவிட்டேன். மனசு 3770 பக்கம் போனது. ஐவி பிரிட்ஜின் 22 நானோமீட்டர், குறைந்த வாட் என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் ஏமாந்த ரோஷமும் அதில் கொஞ்சம் இருந்தது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிராசஸருக்கு முன்னாலேயே ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், 4 ஜிபி ராமை எடுத்துவிட்டு 8 ஜிபி டிடிஆர்3 இரண்டு செருகினேன். எச்61-க்கு அதிகபட்சமே 16 ஜிபிதான். இரண்டும் சேர்ந்து 3,300 ரூபாய். 10 அடிக்கு 8 அடி பிளக்ஸை 72 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் போட்டால், ஏறக்குறைய 6 கோடி புள்ளிகள். அச்சுக்கான நாலு நிறத்தில் (சிஎம்ஒய்கே) ஒரு முழு லேயர் மட்டும் 240 எம்பி. மாமன்மார் போட்டோ, தலைவர் போட்டோ, பூ, மயில், தோரணம் என்று பத்து லேயர் போனால் 4 ஜிபி ராம் எந்த மூலைக்கு? அதுவரை நான் பிராசஸரைத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், பாவம், டிஸ்க்தான் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. எச்61-ல் டிஸ்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் பழைய 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி நொடிக்கு 270 எம்பிக்கு மேல் போவதில்லை. அதுவே எனக்கு ராஜபோகம். இரண்டரை நிமிடம் எடுத்த விண்டோஸ் 25 நொடியில் வந்து நின்றது.

அதற்கப்புறமும் ஃபில்டர் போடும்போதும், கோரல் டிராவிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போதும் நாலு கட்டமும் நூறைத் தொட்டு நின்றன. அது பிராசஸர் வேலை. சென்னையில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு ஒன்று வந்தது. வைகையில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கி, நேரே ரிச்சி ஸ்ட்ரீட்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து கடை. நரசிங்கபுரம் தெருவில் கூட்டம் தோளை இடிக்கும். பழைய பிராசஸர் விற்கும் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் ட்ரே, முட்டை அடுக்கியதுபோல் சிப் அடுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் கம்பெனிகள் மொத்தமாகக் கழித்த பெட்டிகளிலிருந்து கழற்றியவை. முதல் கடையில் 3770-க்கு 2,600 ரூபாய் சொன்னார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிப் பார்த்தேன். மூடியில் மாடல் நம்பரே இல்லை. ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று போட்டு, ‘க்யூ’வில் தொடங்கும் ஒரு குறியீடு மட்டும். அது கம்பெனி சோதனைக்காகச் செய்த மாதிரிச் சரக்கு. கடையில் விற்கவே கூடாதது. வைத்துவிட்டு நகர்ந்தேன்.

இரண்டாவது கடைத் தம்பி, “மேடம், 3770தான், சூப்பர் பீஸ்” என்று ஒன்றைக் கையில் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 3770 சரி, பின்னால் ஒரு ‘டி’. 45 வாட் சரக்கு, 3.4-க்குப் பதில் 2.5 ஜிகாஹெர்ட்ஸில் தொடங்கும். சின்னப் பெட்டிக்குள் வைக்க அருமையானதுதான், எனக்கு வேண்டாம். “தம்பி, இதில் ‘டி’ இருக்கே” என்றேன். அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். “அக்கா, நீங்க லைன்ல இருக்கீங்களா?” என்றான். மேடத்திலிருந்து அக்காவுக்கு இறங்கிய அந்த நொடியிலிருந்து பேச்சு நேராகிவிட்டது. உள்ளேயிருந்து வேறு ஒன்றை எடுத்து வந்தான். மூடியில் ஐ7-3770, அடுத்த வரியில் எஸ்ஆர்0பிகே, 3.40 ஜிகாஹெர்ட்ஸ். அந்த எஸ்ஆர் குறியீடுதான் சிப்பின் ஜாதகம். 3770-க்கு எஸ்ஆர்0பிகே என்று நான் குறித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். கடையிலேயே திறந்த போர்டு ஒன்றில் மாட்டி, சிபியு-இசட் திறந்து காட்டினான். 3,800 சொன்னான், 3,400-க்கு முடிந்தது. ஏழு நாள் செக்கிங் வாரண்டி. பில் என்று கொடுத்தது சீல் குத்திய துண்டுச் சீட்டு.

கடைக்கு மதிப்பெண் கேட்டால், முதலில் ‘டி’யை நீட்டியதற்கு ஒன்று குறைப்பேன், மாட்டிக் காட்டிக் கொடுத்ததற்கு அதைத் திருப்பித் தந்துவிடுவேன்.

ஊர் வந்து சேர்ந்து, கடை அடைத்தபின் வேலையில் இறங்கினேன். இந்த வகைப் பிராசஸரில் கம்பி கிடையாது. ஊசி ஊசியாக இருப்பதெல்லாம் போர்டின் சாக்கெட்டில். சிப் தவறி அதன்மேல் விழுந்தால் போர்டு போச்சு. மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் பார்த்து, இரண்டு வெட்டும் சரியாகச் சேரும்படி மேலிருந்து வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. கூலரின் நாலு பிளாஸ்டிக் காலையும் எதிர் மூலை எதிர் மூலையாக அழுத்த வேண்டும். கடைசிக் காலை அழுத்தும்போது போர்டு வளைந்து ‘கிறீச்’ என்றது. என் நெஞ்சும்தான்.

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. மானிட்டர் கறுப்பு.

ராமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். பட்டன் செல்லைக் கழற்றிப் போட்டேன். சிப்பை மூன்று முறை எடுத்து வைத்தேன். இரவு பதினொன்றரை மணிக்கு, 3,400 ரூபாயைக் கரைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் அந்த ‘2011’ ஞாபகம் வந்தது. 2011-ல் எழுதிய பயாஸுக்கு 2012-ல் பிறந்த ஐவி பிரிட்ஜை எப்படித் தெரியும்? போர்டு இரண்டுக்கும் பொருந்தும், பயாஸ்தான் புதுசாக இருக்க வேண்டும். இந்த வேலையைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். செய்யாதது என் தப்பு, வேறு யாரையும் சொல்ல முடியாது.

மறுநாள் ஐ3-ஐத் திரும்ப மாட்டி, போர்டு கம்பெனியின் தளத்தில் என் மாடலையும் ரிவிஷன் நம்பரையும் பார்த்து, கடைசி பயாஸை இறக்கிப் பென்டிரைவில் போட்டேன். ரிவிஷன் நம்பர் போர்டின் ஓரத்தில் பொடியாக அச்சடித்திருக்கும். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு கட்டைதான். எங்கள் தெருவில் காற்று அடித்தாலே கரண்ட் போகும். அது ஆடிக் காற்று வேறு. யுபிஎஸ்ஸை இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, பெட்டியையும் மானிட்டரையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பிடுங்கிவிட்டு எழுதினேன். மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடம் நான் நாற்காலியில் உட்காரவில்லை. அப்புறம் ஐ7-ஐ மாட்டினேன். படம் வந்தது.

சரி, வேகம். ஒரே பிளக்ஸ் ஃபைலை வைத்து, செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்த கணக்கு இது. ஃபைல் திறக்கப் பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் 1 நிமிடம் 50 நொடி. எஸ்எஸ்டியும் ராமும் போட்டபின் 35. ஐ7 வந்தபின் 29. பிராசஸரால் கிடைத்தது ஆறு நொடி. ஆனால் பெரிய பிளர் ஃபில்டர் ஒன்று 41 நொடியிலிருந்து 17-க்கு இறங்கியது. எல்லாக் கோரும் சேர்ந்து இழுக்கும் வேலைகளில் வித்தியாசம் அப்படியே தெரிகிறது. கோரல் டிராவில் இருபது பக்கப் பிடிஎஃப் 50 நொடி எடுத்தது 37 ஆனது. பிரௌசரில் பதினைந்து டேப் திறந்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் வெப்பில் புரூஃப் அனுப்பும்போது, முன்பு இருந்த தடுமாற்றம் இல்லை. பேஜ்மேக்கரில்? ஒன்றும் இல்லை. துளிகூட இல்லை. 2001-ம் ஆண்டு மென்பொருள் ஒரே கோரில்தான் உழும். எட்டுத் திரெட்டைக் கொடுத்தாலும் ஏழு கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். என்னைப்போலக் கலந்து வேலை செய்பவர்களுக்கு லாபம். பேஜ்மேக்கர் மட்டும் ஓட்டும் கடை என்றால் இந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

சூடு ஒரு குறை, அதுவும் சின்னக் குறை இல்லை. ஐ3-க்கு வந்த மெலிந்த அலுமினியக் கூலரையே முதலில் போட்டேன். ஃபில்டர் ஓடும்போது 96 டிகிரியைத் தொட்டது. இந்தச் சிப்பின் எல்லை 105. சாண்டி பிரிட்ஜில் மூடிக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கனுக்கும் நடுவே உலோகத்தை உருக்கிப் பற்றவைத்திருந்தார்கள். ஐவி பிரிட்ஜில் வெறும் பேஸ்ட்தான் வைத்தார்கள். வாட் குறைந்தும் சூடு அதிகமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். நடுவில் செம்பு வைத்த, கொஞ்சம் உயரமான கூலர் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன், பேஸ்ட் 150. அதற்கப்புறம் 75-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கிறது. 2025 அக்னி நட்சத்திரத்தை ஏசி இல்லாத கடையில் அப்படித்தான் தாண்டியது. மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து ஊதுகிறேன். எதிரே மாவு மில்.

இதை வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய பெரிய விஷயம் வேகம் கிடையாது, ஆயுள். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. மூன்றாம் தலைமுறை அந்தப் பட்டியலின் வாசலுக்கே போக முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கனமான கணக்குகளை வேகமாகப் போட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இதில் இல்லை. அவை 2013-ல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தன. அவற்றைக் கேட்கும் புதிய மென்பொருள்கள் இதில் ஓடாது. நான் பேங்க் வேலையையும் மெயிலையும் மகளின் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் புரூஃப் அனுப்பும் நேரம் மட்டும்தான் நெட். படிக்கிற பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர் என்று கேட்டால், இந்தத் தலைமுறைப் பெட்டியை வாங்கித் தரச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் 1,500 ரூபாய் ஐ5-3470-ஐ எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கூலர், பேஸ்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 4,200 ஆனது. அந்த மீதியில் ஒரு பேக்கப் டிஸ்க் வாங்கியிருக்கலாம். ஸ்டிக்கரும் உண்மையாகியிருக்கும். அதற்காக 3770-ஐக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருடத்தில் இரண்டு தை, இரண்டு ஆவணி முகூர்த்தம் தாண்டிவிட்டது. ஒரு முறைகூடத் தானாக அணையவில்லை, நீலத் திரை காட்டவில்லை.

கழற்றிய ஐ3-2120 பழைய ராம் டப்பாவுக்குள் மேசை டிராயரில் இருக்கிறது. சர்வீஸ் பையன் முந்நூறு ரூபாய்க்குக் கேட்டான். கொடுக்கவில்லை. அந்தச் சீல் குத்திய சீட்டு ஏழு நாளோடு முடிந்துவிட்டது. கல்யாண சீசனில் ஐ7 மண்டையைப் போட்டால் அரை மணி நேரத்தில் எடுத்து மாட்ட ஒன்று வேண்டும். புதிய பயாஸுக்கு இரண்டையும் தெரியும்.